முக்கோண மணி கேட்கும் டியூனர்

ஹாலிஃபாக்ஸ் ஹை-ஃபை வட்டத்தின் தலைவர் டெரிக் ஹோரபினுக்கு ஊருக்குள் 'காது' என்று பெயர். அவராக வைத்துக்கொண்ட பெயர் அல்ல. ஆனால் யாராவது அப்படிச் சொன்னால் மறுத்ததும் கிடையாது. செவ்வாய்க்கிழமை தோறும் மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் வட்டம் கூடும். யாராவது புதிதாக ஒரு ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து பாடவிட்டால், மற்றவர்கள் பெட்டியைப் பார்க்க மாட்டார்கள், டெரிக்கின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கண்களை மூடுவார். தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ப்பார். கையில் இருக்கும் டீ ஆறி ஆடை கட்டும் வரை அப்படியே இருந்துவிட்டு, "காத்து இல்ல" என்பார். அபூர்வமாக, "காத்து இருக்கு" என்பார். அந்தக் காற்று என்றால் என்ன என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்பவருக்குக் காது இல்லை என்று ஆகிவிடுமே.

நகராட்சியின் வரிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் டெரிக். ஆபீசில் அவர் பேச்சை யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை. அந்தக் குறையையெல்லாம் வட்டம் தீர்த்து வைத்திருந்தது.

நவம்பர் பிறந்ததும், அந்தக் காதுக்கு நிஜமாகவே ஒரு வேலை வந்தது. மகள் ஜில் மான்செஸ்டரிலிருந்து ஃபோன் செய்தாள்.

ஜில் தாளக் கருவிகள் வாசிப்பவள். மகளை வயலின்காரியாகப் பார்க்க ஆசைப்பட்டவர் டெரிக். அவளோ டிரம், சேகண்டி, மணி என்று தட்டுகிற பக்கமாகப் போய்விட்டாள். இப்போது ஒரு பெரிய இசைக்குழுவில் அவளைப் பரீட்சார்த்தமாகச் சேர்த்திருந்தார்கள். அந்த ஊர் இசைக்குழுக்களின் வழக்கம் அப்படி. ஆளை உடனே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாதக்கணக்காக வாசிக்கவிட்டு, நிற்கிற நிலை, டீ குடிக்கிற அழகு எல்லாம் பார்த்துத்தான் வேலை கொடுப்பார்கள். மாப்பிள்ளையை ஒரு வருஷம் வீட்டில் தங்கவைத்துப் பார்த்துவிட்டுப் பெண் கொடுப்பதைப் போல.

"அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசிப்பா" என்றாள் ஜில். "ரேடியோ த்ரீல நேரடி ஒலிபரப்பு. அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டுத்தான் என்னை எடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணப் போறாங்க."

"என்ன வாசிக்கற?"

"முக்கோணம்."

டெரிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஃகுக் கம்பியை மூன்று மூலையாக வளைத்து நூலில் தொங்கவிட்ட சமாசாரம் அது. இன்னொரு கம்பியால் தட்டினால் கிணிங் என்னும்.

"சிரிக்காதப்பா. ரெண்டாம் பாதியில ஒரு இடத்துல அத்தனை பேரும் அடங்கிடுவாங்க. நான் மட்டும்தான். மெல்லிசுக் கோலால தட்டறதா, கனத்த கோலால தட்டறதான்னு மண்டை காயுது. ஹால்ல நிக்கறவளுக்கு ரேடியோவுல எப்படி விழுதுன்னு தெரியாது. முதல் பாதியிலயும் கொஞ்சம் இருக்கு, அதை மெல்லிசால தட்டிடறேன். இடைவேளைல உனக்கு ஃபோன் பண்றேன். நீ எதைச் சொல்றியோ அந்தக் கோல்தான்."

"நான் சொல்றதா?"

"வேற யாரு? இந்த இங்கிலாந்துலயே உன்னை மாதிரி ரேடியோ கேக்கறவன் யாரிருக்கான்?"

ஃபோனை வைத்தபோது டெரிக்கின் முதுகு வேர்த்திருந்தது.

காரணம் இருந்தது. போன வசந்தத்தில் இதே மாதிரி ஒரு ஒலிபரப்பு. அப்போதும் அவரிடம்தான் யோசனை கேட்டிருந்தாள். டெரிக் தம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து முழுக் கச்சேரியையும் கேட்டார். வயலின்கள் வந்தன, எக்காளங்கள் வந்தன, முக்கோணம் மட்டும் வரவில்லை. மறுநாள் மகளிடம், "மெல்லிசுக் கோல் கரைஞ்சு போகுதும்மா. கனத்ததை எடு. கூச்சப்படாம தட்டு" என்றார். தட்டினாள். அடுத்த ஒத்திகையில் நடத்துநர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தி, தீயணைப்பு வண்டிக்கு யார் சொல்லி அனுப்பியது என்று விசாரித்தார். ஜில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஹாலின் குறை என்று. டெரிக்கும் சிரித்தார். பிறகு மாடிக்குப் போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது.

டாக்டரிடம் போகலாம். ஆனால் டாக்டருடைய வரவேற்பறையில் இருக்கும் பெண் வட்டத்தின் பொருளாளருக்கு மச்சினி. ஆகவே குற்றம் டியூனருடையது என்று டெரிக் முடிவு செய்தார். எஃப்.எம். அலையைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குத் தள்ளும் அந்தத் தட்டையான பெட்டி இருபது வருஷமாக அவர் வீட்டில் விசுவாசமாக உழைத்துக்கொண்டிருந்தது. அது மறுத்துப் பேசவில்லை.

"புது டியூனர் ஒண்ணு பார்க்கணும்" என்றார் மனைவியிடம். "புதுசுன்னா, பழசுல நல்லதா. இதுல மேல் ஸ்தாயி செத்துப் போச்சு."

மேவிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "எதுக்கு அதெல்லாம்? நான் வேணும்னா கேட்டுச் சொல்றேனே ஜில்லுக்கு."

"நீயா? கெட்டில் விசிலுக்கும் கிளாரினெட்டுக்கும் வித்தியாசம் தெரியாத காது உன்னுது."

"கெட்டில் விசிலடிச்சு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? அது பக்கத்துலயே மரம் மாதிரி நிக்கறது யாராம்?"

டெரிக் திரும்பிப் பார்த்தார். கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது. "யோசனையா இருந்தேன்" என்று அடுப்பை அணைத்தார்.

*

சனிக்கிழமை சர்ச் கூடத்தில் வட்டத்தின் வருடாந்திரப் பழைய சாமான் விற்பனை. நீள மேசைகளில் ஆம்ப்ளிஃபயர்கள், இசைத்தட்டுச் சுழற்றிகள், யாருக்கும் எதற்கென்று தெரியாத ஒயர்கள். டியூனர்கள் மூன்று வந்திருந்தன. இரண்டைப் பொருளாளர் கிளிஃபர்ட் டக்கெட் ஒரு சோதனை மேசையில் வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, ஏரியல் கொடுத்து வைத்திருந்தார்.

கிளிஃபர்ட் ஒல்லியானவர், கம்பளித் தொப்பிக்காரர். பல வருஷமாகப் பொருளாளர். தலைவர் நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண் உண்டு என்பதும், அந்தக் கண் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வருகிறது என்பதும் ஊரறிந்தது.

"வாங்க தலைவரே!" என்று கூடமே திரும்பும்படி குரல் கொடுத்தார். "டியூனர் பார்க்கறீங்களாமே. இங்கயே வெச்சுக் கேட்டுச் சொல்லிடுங்க. ரெண்டுல எதுக்குக் காத்து இருக்குன்னு தெரிஞ்சா நாங்களும் ரெண்டு காசு சேர்த்து வாங்குவோம்."

ஆட்கள் கூடிவிட்டார்கள். டெரிக் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார், தலையைச் சாய்த்தார். முதல் டியூனரில் ஒரு பியானோ, போர்வைக்கு அடியில் வாசிப்பது மாதிரி. கிளிஃபர்ட் ஸ்விட்சைத் தட்டினார். இரண்டாவது டியூனரிலும் அதே பியானோ, அதே போர்வை. கண்ணை மூடியிருந்தாலும் தம்மைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முகங்கள் டெரிக்குக்குத் தெரிந்தன. இதில் ஒன்று நல்லது, ஒன்று மட்டம் என்றிருந்து, மாற்றிச் சொல்லித் தொலைத்தால்?

"ரெண்டுலயும் காத்து இல்ல" என்று ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"ரெண்டுலயுமா?" கிளிஃபர்ட்டின் புருவம் தொப்பிக்குள் போயிற்று. "ஒண்ணு நான் வீட்ல வெச்சுக் கேட்டுட்டிருந்தது."

"அதான் சொன்னேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தெம்பு கொடுக்க, டெரிக் மூன்றாவது டியூனரை நோக்கி நடந்தார். அது ஜன்னல் ஓரத்தில், காலஞ்சென்ற உறுப்பினர் லம்ப்பின் மனைவியுடைய மேசையில் இருந்தது. பழைய தங்க நிறத்தில் முகப்பு, நீளக் கண்ணாடி, கல்லாப்பெட்டிக் கனம். பக்கத்தில் செங்கல் அளவில் ஒரு இரும்புப் பெட்டி.

"இது அவர் யோகஹாமால வேலையா இருந்தப்ப வாங்கினது" என்றாள் மிசஸ் லம்ப். "உயிரையே வெச்சிருந்தார். ஆனா இங்க வந்தப்புறம் போடவே இல்ல. மேல் அலமாரியில துணி சுத்தி வெச்சிட்டார்."

"போடவே இல்லையா!" டெரிக் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? தேயாத டியூனர்."

"இந்த இரும்புப் பெட்டியோட சேர்த்துத்தான் கரண்ட்ல சொருகணும்னு சொல்வார். இல்லன்னா வெடிச்சுடுமாம்."

ஜப்பானில் மின் அழுத்தம் இங்கிலாந்தில் இருப்பதில் பாதிதான் என்பதும், அதைக் குறைத்துக் கொடுக்கத்தான் அந்தச் செங்கல் என்பதும் எந்தக் கப்பல்காரனுக்கும் தெரியும். ஆனால் டெரிக் ஹை-ஃபை பத்திரிகைகளைப் படித்தவர். மின்சாரத்துக்கென்று தனிப் பெட்டி வைத்திருப்பது அரச வம்சத்துக் கருவிகள்தான் என்று அவற்றில் எழுதியிருக்கும்.

"தனி மின் பெட்டி" என்றார் மெதுவாக. கூட்டத்தில் யாரோ சப்புக்கொட்டினார்.

"இதையும் ஏரியல்ல மாட்டிக் கேட்டுடலாமே" என்றார் கிளிஃபர்ட்.

"கேக்கணும்னு இல்ல." டெரிக் டியூனரை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். மேல்மூடியின் துளை வழியே உள்ளே எட்டிப் பார்த்து, சமையலறைக்குள் போகும் மாமியார் மாதிரி மூக்கை உறிஞ்சினார். "நல்லதைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னா அப்புறம் அனுபவம் எதுக்கு? இதோ பாருங்க, நம்ம டியூனர் எல்லாம் எண்பத்தேழுல ஆரம்பிக்கும். இது எழுபத்தாறுலயே ஆரம்பிக்குது. அவ்வளவு கீழ வரைக்கும் இறங்குது. இப்படி ஒரு அகலம் பார்த்திருக்கீங்களா?"

கண்ணாடியின் இடது ஓரத்தில் எழுபத்தாறு என்று இருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கிளிஃபர்ட்டும் குனிந்தார். ஆனால் அவர் பார்வை கண்ணாடி நெடுக ஊர்ந்து மறு ஓரத்தில் போய் நின்றது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு அமைதி வந்திருந்தது.

"வலது கோடியையும் பார்த்துட்டீங்களா தலைவரே?"

"பார்க்காம வாங்கற ஆளா நான்?"

"அதானே. நான் ஒரு மடையன், கேக்கறேன் பாருங்க."

டெரிக் பணத்தை எடுத்து வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். பெரிய மனது பொங்கிவிட்டது. "என் பழைய டியூனர் இனி சும்மாதானே கிடக்கப் போகுது. நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க கிளிஃபர்ட். உங்களுக்கு அது போதும்."

"ரொம்ப உபகாரம்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. எங்க ஜில் ரேடியோ த்ரீல வாசிக்கிறா. காத்துன்னா என்னன்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போகலாம்."

"வராம இருப்பேனா" என்றார் கிளிஃபர்ட்.

*

புதிதாக வந்த கருவியை உடனே பாடவிடக் கூடாது என்பது வட்டத்தில் எழுதாத விதி. கரண்டில் போட்டு, சத்தம் வராமல், சில நாள் சூடாகவிட வேண்டும். அதற்குப் பெயர் 'ஊறவிடுவது'. டியூனர் வரவேற்பறை அலமாரியில் ஏரியல் இல்லாமல் மஞ்சளாக எரிந்துகொண்டு ஊறியது. டெரிக் காலையும் மாலையும் வந்து மூடியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல்கார நெற்றியைத் தொடுவது போல.

"ஒரு தடவை போட்டுத்தான் பாரேன்" என்றாள் மேவிஸ், புதன்கிழமை.

"ஊறாம போட்டா உண்மையான சத்தம் தெரியாது."

"பருப்பா இது, ஊற வெக்க?"

டெரிக் மூடியைத் துடைத்தார். ஊறாததுதான் காரணம் என்று அவர் தமக்கே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இரவு படுக்கையில் புரளும்போது உண்மைக் காரணம் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. போட்டுப் பார்த்து, இதிலும் அதே போர்வை என்றால்? பழிபோட இன்னொரு டியூனர் கிடைக்காது. வெள்ளிக்கிழமை வரைக்குமாவது குற்றம் பழைய பெட்டியோடு கிளிஃபர்ட் வீட்டில் இருக்கட்டும்.

வியாழக்கிழமை ஜில் ஒரு வரி செய்தி அனுப்பியிருந்தாள். *ஒத்திகை நல்லா போச்சு. கை நடுங்குது. நாளைக்கு நீ இருக்கே, அது போதும்.*

அதை டெரிக் பல தடவை படித்தார்.

*

வெள்ளிக்கிழமை மழை. கிளிஃபர்ட் நேரத்துக்கு முன்னாலேயே வந்து, தொப்பியை உதறி, நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மேவிஸ் பன்றிக்கறி அடைத்த பையை (போர்க் பை) நறுக்கி, காடியில் ஊறவைத்த வெங்காயத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அங்கே ஒரு குட்டி ரேடியோ உண்டு. ஏரியல் ஒடிந்து, அதன் இடத்தில் ஒரு பின்னல் ஊசியைச் செருகி வைத்திருந்தாள். முன்பக்கத்தில் எந்தக் காலத்து மாவோ அப்பியிருக்கும். வட்டத்து ஆட்கள் வரும்போது அதை ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவைப்பது டெரிக்கின் பழக்கம்.

டெரிக் கூரை ஏரியலின் ஒயரை டியூனரின் முதுகில் மாட்டினார். ஆம்ப்ளிஃபயரை உயிர்ப்பித்தார். விளக்கைக் கொஞ்சம் தணித்தார். "இப்போ" என்று சொல்லி, பெரிய உருளைக் குமிழை இரண்டு விரலால் திருப்பினார். குமிழ் வெண்ணெய் மாதிரி நழுவியது.

முதலில் ஒரே இரைச்சல். நிறைய நேரம் இரைச்சல். அவர் பெருமைப்பட்ட அந்த அகலத்தில் யாரும் குடியிருக்கவில்லை. முள் எண்பத்தொன்பதைத் தாண்டும்போது ரேடியோ டூ வந்தது, பழைய நடனக் குழு ஒன்று டப்பாங்கூத்தாக முழங்கியது.

"இது இல்ல" என்றார் டெரிக். "த்ரீ இன்னும் கொஞ்சம் வலது பக்கம். தொண்ணூத்தொண்ணரை."

"தெரியும் தலைவரே."

முள் வலது பக்கம் போயிற்று. தொண்ணூறில் நின்றது. டெரிக் திருப்பினார். குமிழ் 'டொக்' என்றது. அதற்கு மேல் போகவில்லை. இன்னும் அழுத்தித் திருப்பினார். டொக். கண்ணாடியில் தொண்ணூறுக்கு அப்புறம் எண் இல்லை, தங்க முகப்புதான் இருந்தது. தம் வாழ்க்கையில் முதல் தடவையாக டெரிக் அந்த வலது கோடியைப் பார்த்தார்.

"மாட்டிக்கிச்சு" என்றார்.

கிளிஃபர்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாட்டல. ஜப்பான்ல எஃப்.எம். தொண்ணூறோட முடிஞ்சுடும். அதுக்கு மேல டிவிக்கு விட்டுட்டாங்க அப்போ. பாவம் லம்ப், அதனாலதான் இங்க வந்ததும் துணி சுத்தி வெச்சிட்டார்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"வலது கோடியைப் பார்த்தீங்களான்னு கேட்டேனே."

"தெரிஞ்சே என் தலையில கட்ட விட்டீங்களா?"

"அன்னிக்கு ராத்திரியே போட்டுப் பார்ப்பீங்க, செவ்வாய்க்கிழமை வட்டத்துல வெச்சு ஒரு சிரிப்பு சிரிக்கலாம்னு நினைச்சேன். நீங்க செவ்வாய்க்கிழமை வந்து, ஊறுது ஊறுதுன்னு பிரசங்கம் பண்ணினீங்க. அப்புறம் எந்த மூஞ்சியோட சொல்றது?"

"என் பழைய டியூனர்…"

"என் வீட்ல. சவர்பி பிரிட்ஜ் போய்ட்டு வர்றதுக்குள்ள முதல் பாதி முடிஞ்சுடும்."

"இடைவேளைல ஜில் ஃபோன் பண்ணுவா" என்றார் டெரிக். "எந்தக் கோல்னு நான் சொல்லணும். அவ வேலையே அதுல இருக்குய்யா."

கிளிஃபர்ட் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். வாயில் போட்ட வெங்காயத்தை மெல்லாமல் வைத்திருந்தார். "அது எனக்குத் தெரியாது" என்றார். "சத்தியமா தெரியாது டெரிக்."

அப்போது சமையலறையிலிருந்து மேவிஸ் கத்தினாள்: "அங்க என்ன நடனமாடறீங்களா? இங்க ஆரம்பிச்சாச்சு! ஜில்லோட குழு!"

*

மூவரும் சமையலறையில் நின்றார்கள். ரொட்டிப் பெட்டிக்கு முன்னால், மாவு படிந்த அந்தக் குட்டி ரேடியோவுக்குள் ஒரு முழு இசைக்குழு அடைந்து கிடந்தது. டெரிக் வழக்கப்படி கண்ணை மூடப் போனவர், மூடாமல் விட்டார். காதை ரேடியோவுக்கு அருகில் கொண்டு போனார். இன்னும் அருகில். பின்னல் ஊசி கன்னத்தில் குத்தியது.

"அதோ!" மேவிஸ் விரலைத் தூக்கினாள். "ஜில்!"

டெரிக்குக்கு அடிக்குரல் செல்லோக்கள்தான் கேட்டன.

"அதோ, மறுபடி. கேட்டுச்சா?"

"ம்."

மேவிஸ் தேநீர்க் கோப்பைகள் பக்கம் திரும்பினாள். கை பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் சர்க்கரையைக் கலக்கினாள். கிளிஃபர்ட் தலையை இடது பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, டெரிக்கின் தோளில் கை வைத்தார். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு நல்ல வார்த்தை சொல்ல நினைத்தார் போலும்.

"ஆகா. இப்போ அடிச்சாளே, அது! என்ன ஒரு சுத்தம். பனித்துளி மாதிரி."

"அது என் கரண்டி, கிளிஃபர்ட்" என்றாள் மேவிஸ்.

யாரும் சிரிக்கவில்லை. மேவிஸ் கரண்டியைக் கோப்பையை விட்டு எடுத்து மேசையில் வைத்தாள், சத்தமில்லாமல். கிளிஃபர்ட் கண்ணைத் திறந்தார். அவர் காது மடல் சிவந்து வருவதை டெரிக் பார்த்தார். இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒரே கடையில் திருடப் போன இடத்தில் சந்தித்துக்கொண்ட மாதிரி.

"எத்தனை நாளா?" என்றார் டெரிக், தணிந்த குரலில்.

கிளிஃபர்ட்டுக்கு அது கேட்கவில்லை. "என்ன?" என்றார்.

கைதட்டல் வந்தது. அது நன்றாகவே கேட்டது. அறிவிப்பாளர் இடைவேளை என்றார். சுவரில் மாட்டியிருந்த ஃபோன் அடித்தது.

டெரிக் எடுத்தார். ஜில்லுக்குப் பின்னால் ஆட்கள் நடப்பதும், யாரோ பெரிய டிரம்மைத் திருகிச் சுருதி சேர்ப்பதும் கேட்டன.

"அப்பா, சீக்கிரம். எப்படி இருந்துச்சு? மெல்லிசு போதுமா? கனத்ததை எடுக்கட்டுமா?"

எல்லா வார்த்தைகளும் நாக்கில் தயாராக வரிசை கட்டி நின்றன. காற்று, துல்லியம், பனித்துளி. ஒன்றை எடுத்துப் போட்டால் போதும். பாதிக்குப் பாதி சரியாகவும் இருந்துவிடலாம். கதவோரம் கிளிஃபர்ட் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார். செவ்வாய்க்கிழமை கூடமும், கண்ணை மூடியபோதெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களும் அந்தத் தொப்பிக்குப் பின்னால் நின்றன.

"ஜில்லு" என்றார். "டியூனர்ல ஒரு கோளாறு…"

"அப்பா!"

"இல்ல. டியூனர் இல்ல." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கேக்கலம்மா. முக்கோணம் எனக்குக் கேக்கறதில்ல."

"கேக்கலன்னா? கரைஞ்சு போகுதா? அப்போ கனத்தது…"

"கனத்ததை எடுக்காதே! உன் சத்தத்துல குறையில்ல. என் காதுல குறை. எனக்குக் கெட்டில் விசில் கூடக் கேக்கல."

அந்தப் பக்கம் டிரம் மட்டும் கேட்டது.

"எப்பலேர்ந்து?"

"தெரியல. வசந்தத்துக்கு முன்னாலயே இருக்கும்."

"வசந்தத்துல நீதானே கனத்த கோலை எடுக்கச் சொன்னே?"

"ஆமா."

"அன்னிக்கு நீ எதையுமே கேக்கலையா?"

"இல்ல."

"எல்லார் முன்னாலயும் என்னை…" ஜில் நிறுத்தினாள். மூச்சு வாங்குவது கேட்டது. "நான் ஒரு மாசம் தூங்கலப்பா. என் கைலதான் ஏதோ கோளாறுன்னு ஒரு மாசம் தூங்கல."

டெரிக் சுவரிலிருந்து கையை எடுத்தார். ஃபோனை மேவிஸிடம் நீட்டினார். "உங்கம்மாவுக்குக் கேட்டுச்சு. அவளைக் கேளு."

மேவிஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள். "கேட்டுச்சுடி கண்ணு… எல்லாமே கேட்டுச்சு… நல்லாவா? நல்லதா கெட்டதான்னு எனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷமா இந்த வீட்ல ரேடியோ பத்தி வாயைத் திறக்க விட்டானா உங்கப்பன்? இப்போ திடீர்னு என்கிட்டக் கொடுக்கறான்…" அவள் கண்ணில் நீர் முட்டியது. "என்னை நம்பி எதையும் பண்ணாதே. நீ எப்படி வாசிக்கணுமோ அப்படி வாசி. என்ன? மணி அடிச்சாச்சா? ஜில்? ஜில்லு?"

அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மாட்டினாள்.

"எதை எடுக்கறேன்னு சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டா."

வரவேற்பறையில் தங்க டியூனர் இன்னும் ரேடியோ டூவைப் பாடிக்கொண்டிருந்தது. மேவிஸ் போய் அதன் மூச்சை நிறுத்திவிட்டு வந்தாள். கிளிஃபர்ட் கிளம்புவது போலத் தொப்பியை வைத்தார், பிறகு கழற்றினார். "நானும் இருந்து…" என்று ஆரம்பித்து முடிக்காமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. டெரிக்குக்கு அடித்தளம் எல்லாம் வந்தது. பேஸ்கள், கொம்புகள், பெரிய டிரம். மேலே மட்டும் கூரை இல்லாத வீடு மாதிரி வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு கருவியாக அடங்க ஆரம்பித்தது. வயலின்கள் மெலிந்தன. கொம்புகள் நின்றன. ரேடியோவில் ஒன்றும் இல்லை. டெரிக்குக்கு ஒன்றும் இல்லை.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில் மேவிஸின் விரல் எழுந்தது.

மெதுவாக எழுந்து, நின்று, மறுபடி எழுந்தது. டெரிக் அந்த விரலைப் பார்த்தார். அது பதறுகிறதா, அழுத்தமாக இருக்கிறதா, மெல்லிசா, கனமா என்று பார்த்தார். நாற்காலியில் கிளிஃபர்ட்டும் கழுத்தை நீட்டி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலிஃபாக்ஸின் இரண்டு பெரிய காதுகளும் ஒரு பெண்ணின் ஈர விரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று டெரிக் கெஞ்சினார். "மேவிஸ்? எதை எடுத்திருக்கா?"

"ஷ்ஷ்" என்றாள் மேவிஸ்.